ரைஹானத் பெயரில் இருந்த எச்சில்

மஹ்மூதா பீவிக்கு உலகத்தில் இரண்டு விஷயங்கள் ஆகாது. ஒன்று, சீனி போடாத டீ. இன்னொன்று, "உங்க நல்லதுக்குத்தான் சொல்றோம்" என்று பேச்சை ஆரம்பிக்கிற மனிதர்கள். வண்ணார்பேட்டையில் ஜீன்தீபம் ஆய்வு நிறுவனத்தின் மாடியறையில் அன்று மத்தியானம் அவளுக்கு இரண்டும் ஒரே மேஜையில் கிடைத்தன.

"உங்க நல்லதுக்குத்தான் சொல்றோம் மேடம்" என்றார் மேனேஜர் வெங்கட்ரமணன். "ரைஹானத் அவங்க ஆபரேஷனைத் தள்ளிப்போடக் கூடாது. அவங்க மரபணுவில இருக்கிற மாற்றம் அப்படி. சினைப்பையில புற்றுநோய் வர வாய்ப்பு ரொம்ப அதிகம். வர்றதுக்கு முன்னாடியே எடுத்துட்டா நிம்மதி."

"யாருக்கு நிம்மதி?" என்றாள் பீவி, டீயைத் தள்ளி வைத்துவிட்டு.

பக்கத்து நாற்காலியில் இருந்த பெர்லின், அவள் தள்ளிய டீயை எடுத்துக் குடித்தான். பீவியின் ஸ்கூட்டரை ஓட்டுவது, அவள் வேண்டாம் என்கிற பலகாரத்தைத் தின்பது, அவள் கேட்காமலே கருத்துச் சொல்வது ஆகிய மூன்று பொறுப்புகளும் அவனுடையவை. முப்பது வயதாகியும் கல்யாணமாகாதவன். ஆனால் ஊரில் யார் வீட்டுக் கல்யாணம் என்றாலும் மாப்பிள்ளைப் பையன் எந்தப் பெட்டிக்கடைக்குப் பின்னால் நின்று பீடி குடிக்கிறான் என்று விசாரித்துச் சொல்கிறவன் அவன்தான். மஹ்மூதா பீவி துப்பறியும் நிலையம் வயிற்றைக் கழுவியது அந்த வேலையில். எச்சிலைத் துரத்துவது இதுதான் முதல் தடவை.

ஆமாம், எச்சில்தான். போன நோன்பு மாசத்தில் ஜீன்தீபம்காரர்கள் மேலப்பாளையத்தில் ஒரு கல்யாண மண்டபத்தைப் பிடித்து இலவச முகாம் போட்டார்கள். ஆளுக்கு ஒரு சின்னக் குழாயில் கோடு வரைக்கும் துப்பிக் கொடுத்தால் போதும், பரம்பரையில் என்ன நோய் ஒளிந்திருக்கிறது என்று கண்டுபிடித்துவிடுவோம், பெயர் வெளியே போகாது, எல்லாம் வெறும் நம்பர்தான் என்றார்கள். தெருப் பெண்கள் வரிசையில் நின்று கொடுத்தார்கள். ரைஹானத்தும் கொடுத்தாள். இப்போது, நாளைக் காலையில் அவள் வயிற்றைத் திறக்கப் போகிறார்கள். ஒரு பெண் குழந்தை இருக்கிறது. இன்னொன்று வேண்டும் என்று அவளும் புருஷனும் ஆசையாக இருந்தார்கள். அந்த ஆசைக்கும் சேர்த்துத்தான் நாளைக்குக் கத்தி.

அன்று காலையில் ரைஹானத் பீவியிடம் வந்து கேட்டது ஒன்றே ஒன்றுதான். "எங்க உம்மா வழியிலயும் வாப்பா வழியிலயும் யாருக்கும் இந்த நோய் கிடையாது மாமி. அது என் எச்சில்தானான்னு மட்டும் பாத்துச் சொல்லுங்க."

"சாம்பிள் மாறியிருக்க வாய்ப்பே இல்ல" என்றார் வெங்கட்ரமணன். "பேரையெல்லாம் எடுத்துட்டு நம்பர் போட்டு, பூட்டி வைக்கிறோம்."

"அப்போ அந்த நம்பருக்கா போன் போட்டு, ரைஹானத் அம்மா, கர்ப்பப்பையையும் சேத்து எடுத்துருங்கன்னு சொன்னிய?"

வெங்கட்ரமணன் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். "அது... மனிதாபிமான அடிப்படையில ஒரு விதிவிலக்கு."

"சரி. மனிதாபிமான அடிப்படையில இன்னொரு தடவை சோதிங்க."

"தலைமை அலுவலகத்துல அனுமதி வாங்கணும். சாம்பிள் இப்போ வெளிநாட்டு ஆய்வகத்துல இருக்கு. சில வாரம் ஆகும். அவங்க புருஷன் லீவு முடிஞ்சு தம்மாமுக்கு வேலைக்குத் திரும்புறதுக்குள்ள ஆபரேஷன் முடியணும்னு அவங்கதானே தேதி குறிச்சாங்க?"

"பாருங்க பீவிம்மா" என்றான் பெர்லின். "எங்க ஊர்ப் பயலுவ விசாவுக்குன்னு வருசக் கணக்குல அலையுதானுவ. எச்சிலுக்கு உடனே கெடச்சிருக்கு."

மேனேஜருக்கு அது பிடிக்கவில்லை. எழுந்தார். எழுந்தவர் பெருமையை அடக்க முடியாமல் ஒன்றையும் சொல்லிவிட்டார். "இது சாதாரண விஷயம் இல்ல மேடம். இந்தக் குறிப்பிட்ட மாற்றம் இதுவரைக்கும் எங்கயும் பதிவாகல. மேலப்பாளையத்து மக்களுக்கே உரியதுன்னு ஒரு கட்டுரை எழுதிட்டிருக்கோம்."

"எங்களுக்கே உரியதா?" பீவி முந்தானையை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டாள். "எங்ககிட்ட ஒரு வார்த்தை கேக்கணும்னு தோணல்லியாக்கும்." விடுவிடுவென்று படி இறங்கிப் போய்விட்டாள்.

பெர்லின் பிஸ்கட்டுக்காக ஒரு நிமிடம் பின்தங்கினான். அந்த ஒரு நிமிடத்தில்தான் வினை. அவனை வழியனுப்ப ஒரு பெண் வந்தாள். ஆஸ்பத்திரிப் பச்சையில் சட்டை, கழுத்தில் அடையாள அட்டை. பெயர் ஃபெபி. முகாம்களில் எச்சில் மாதிரி எடுப்பது அவள் வேலை. ஏசி போட்டு, திரை இழுத்து, சினிமாக் கொட்டகை மாதிரி இருட்டாக்கி வைத்திருந்த வரவேற்பறையைத் தாண்டி வெளிவாசல் கதவைத் திறந்தாள். வைகாசி வெயில் முகத்தில் அறைந்தது.

ஃபெபி தும்மினாள். ஒன்று. பிறகு பூனைக்குட்டி மாதிரி இன்னொன்று. "ஏசப்பா" என்று மூக்கைப் பிடித்துக்கொண்டாள்.

பெர்லின் அதுவரை எந்தப் பெண்ணும் இவ்வளவு அழகாகத் தும்மிப் பார்த்ததில்லை. சட்டைப் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து, கோயிலில் பரிவட்டம் கொடுப்பதுபோல இரண்டு கையாலும் நீட்டினான். "சுத்தமானதுதான். காலையில துவச்சது."

"வேண்டாம் சார்."

"ரோடு வேலை நடக்குல்லா, தூசி. வச்சுக்கங்க. சளி பிடிச்சா ஜீன்தீபத்துல மருந்து கிடையாது, கட்டுரைதான் எழுதுவாங்க."

அவள் சிரித்துவிட்டு வாங்கிக்கொண்டாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள். "மேலப்பாளையத்துல யாருக்கோ டெஸ்ட்ல கெட்ட முடிவு வந்திருக்குன்னு சொல்லுதாங்க. எங்ககிட்ட பேர் காட்ட மாட்டாங்க. யாருக்கு சார்?"

பெர்லின் வாயைத் திறந்தான். கீழ்ப்படியில் நின்ற பீவியின் காதுக்கு அதுவும் தப்பவில்லை. "ஏலே பெர்லின். அவ வியாதி அவளுக்கு. ஊருக்கு மைக் போட்டுச் சொல்லவா ஒன்னைக் கூட்டிட்டு வந்தேன்? வண்டிய எடு."

மேலப்பாளையத்தில் ரைஹானத்தின் வீட்டில் ஆஸ்பத்திரிக்கான பை பாதி கட்டிய நிலையில் கட்டில்மேல் கிடந்தது. பொழுது சாய்ந்ததும் மக்ரிப் தொழுதுவிட்டுக் கிளம்ப வேண்டும், ராத்திரியே போய்ப் படுத்துக்கொள்ளச் சொல்லியிருந்தார்கள். புருஷன் சல்மான் ஃபாரிஸ் ஒரு மூலையில் செல்போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான், அதில் ஏதோ நல்ல செய்தி ஒளிந்திருக்கிற மாதிரி. மாமியார் ஜன்னத்துல் பிர்தௌஸ் அடுப்படியில் மிளகாய் வறுத்துக்கொண்டிருந்தாள். துக்கம் வந்தால் அவளுக்கு வறுக்க வேண்டும், இடிக்க வேண்டும். ஒரு வாரமாக அந்த வீட்டில் யார் கண்ணும் காயவில்லை. பாதி கவலையில், மீதி மிளகாயில்.

ஜீன்தீபம் கொடுத்த சோதனை முடிவுத் தாளைப் பீவி கையில் வாங்கினாள். முன்பக்கம் முழுக்கப் பயமுறுத்தல். கடைசிப் பக்கத்தில் மட்டும், பயந்தவர்களைச் சிரிக்க வைக்கவோ என்னவோ, வண்ணப்படம் போட்டு 'உங்களைப் பற்றிச் சில சுவாரசியங்கள்' என்று ஒரு பகுதி. பெர்லின் அதை வாசித்தான்.

"தலைமுடி சுருண்டிருக்க வாய்ப்பு. காப்பி குடிச்சாலும் நல்லாத் தூக்கம் வரும். வெயிலைப் பாத்தா தும்மல் வரும்... இதையெல்லாமா எச்சில்ல பாக்குதானுவ? நான் துப்பினா, 'கடன் வாங்கித் திருப்பித் தர மாட்டான்'னு வந்திரும் போலிருக்கு."

"வெயிலைப் பாத்தா தும்மலா?" ரைஹானத் முதல் தடவையாகத் தலையைத் தூக்கினாள். "எனக்கா?"

"எங்க உம்மா மூக்குல மொளகாப்பொடிய அள்ளிப் போட்டாலும் தும்மாது" என்றாள் அவள் மகள், பள்ளிச் சீருடையோடு.

அது உண்மை. இத்தனை மிளகாய்ப் புகையிலும் அந்த வீட்டில் மூக்கு சிவக்காத ஒரே ஆள் ரைஹானத்துதான். பீவி அவளை இழுத்துக்கொண்டு மொட்டைமாடிக்கு ஏறினாள். சுள்ளென்ற வெயிலில் நிறுத்தி, "அண்ணாந்து பாரு" என்றாள். பார்த்தாள். கண்ணில் தண்ணீர் வந்தது. தும்மல் வரவில்லை. மறுபடி நிழலுக்குக் கூட்டிப்போய் மறுபடி வெயிலில் நிறுத்தினாள். பக்கத்து மாடியில் துணி காயப்போட்ட அம்மாள் ஓதிப்பார்க்கிறார்களாக்கும் என்று நினைத்து மரியாதையாக உள்ளே போய்விட்டாள்.

"இது சாட்சி இல்ல" என்றாள் பீவி. "அந்த மேனேஜர், வாய்ப்புன்னுதான போட்டிருக்குன்னு சொல்லுவான். ஆனா கதவு இங்கனதான் இருக்கு. ரைஹானத், முகாம்ல என்ன நடந்துன்னு பைய சொல்லு."

"என்ன மாமி நடந்து? நோன்புல்லா. அஸர் நேரம். காலையில இருந்து ஒரு சொட்டுத் தண்ணி கிடையாது. கோடு வரைக்கும் துப்பச் சொன்னா எங்க இருந்து வரும்? நாக்கு மேல ஒட்டிக்கிட்டு. நானும் ஆன மட்டும் பாத்தேன், நாலு சொட்டு நுரைதான் வந்திச்சு. கஞ்சி அடுப்புல இருக்கு, அடி பிடிச்சிரும்னு குழாயை அப்படியே மேசைல வச்சிட்டு ஓடி வந்திட்டேன்."

பீவி மாடிச்சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரிப்பு நிற்கவே இல்லை. "எல்லாரும் வீட்டுல இருப்பாங்கன்னு கணக்குப் போட்டு நோன்பு மாசத்துல வந்திருக்கான். அதுவும் சாயங்காலம். மேலப்பாளையத்துல அந்த நேரத்துல தங்கம் கேட்டாக் கூட கெடைக்கும், எச்சில் கெடைக்காது. அந்தக் குழாயை வேற யாரோ நெப்பியிருக்கா. நோன்பு இல்லாத ஒருத்தி."

அப்போதுதான் கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு கொழுந்தன் பெண்டாட்டி நஃபீஸத் படியேறி மாடிக்கு வந்தாள். பால் கொடுக்கிற பெண்ணுக்கு நோன்பு கட்டாயமில்லை. தலைமுடி வேறு சுருட்டை. பீவியின் கண் பளபளத்தது. நஃபீஸத் நிழலைத் தாண்டி வெயிலில் கால் வைத்தாள்.

தும்மினாள்.

"அல்ஹம்துலில்லாஹ்" என்றாள் நஃபீஸத். "யர்ஹமுகில்லாஹ்" என்று பதில் வாழ்த்துச் சொன்னாள் பீவி, திருடனைப் பிடித்த போலீஸ்காரர் குரலில். சொல்லி முடிப்பதற்குள் குழந்தை தும்மியது. கீழே சல்மான் தும்மினான். அடுப்படியில் மாமியார் அடுத்த கை மிளகாயை வாணலியில் கொட்டியிருந்தாள். புகை படி வழியாக மேலே வந்து எல்லோரையும் வரிசையாகப் பிடித்தது. கடைசியில் பீவியே இடுப்பைப் பிடித்துக்கொண்டு தும்மினாள்.

"கேஸ் முடிஞ்சிது பீவிம்மா" என்றான் பெர்லின். "எச்சில் உங்களுது."

"நோன்பு மாசத்துல நான் இந்த ஊர்லயே இல்ல" என்றாள் நஃபீஸத், விஷயத்தைக் கேட்டுவிட்டு. "பேறுகாலத்துக்கு ஏரல்ல உம்மா வீட்டுக்குப் போயிட்டேன். வேணும்னா கீழ மாமிட்டக் கேளுங்க."

பீவிக்கு முகம் தொங்கிப்போயிற்று. பை பாதி கட்டிக் கிடக்கிறது. வெயில் சாய ஆரம்பித்துவிட்டது. "அப்போ அந்த மண்டபத்துல நோன்பு இல்லாத ஆளுன்னு யாருதான் இருந்தா?"

"யாரும் இல்ல மாமி, எல்லாம் நம்ம தெருப் பொம்பளைங்கதான்" என்றாள் ரைஹானத். பிறகு யோசித்தாள். "அந்தக் கேம்புப் பிள்ளை மட்டும்தான். நல்ல பிள்ளை. நாங்க நோன்புன்னு, எங்களுக்கு முன்னால குடிக்கக் கூசி, சுவத்தப் பாத்துத் திரும்பி நின்னு தண்ணி குடிச்சிச்சு."

பீவி பெர்லினைப் பார்த்தாள். இந்த இடத்தில் அவன் ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். திரும்பி நின்று குடித்த தண்ணீரைப் பற்றி, சுவரைப் பற்றி, எதைப் பற்றியாவது. அவன் எதுவுமே சொல்லவில்லை. நெற்றி வியர்வையைச் சட்டைக் கையில் துடைத்துக்கொண்டிருந்தான்.

"ஏலே. ஒன் கைக்குட்டை எங்கல?"

"எங்கயோ விழுந்திட்டு."

"காலையில துவச்சு மடிச்சுப் பையில வச்சிருந்த. ஒரு மணி நேரமா சட்டையில தொடைக்க. இப்பம் ஜோக்கும் வரல்ல. நீ ஜோக் அடிக்காம இருந்தது, ஒன் அப்பாவுக்கு ஆஸ்பத்திரில தையல் போட்டப்பதான்." அவள் குரல் தணிந்தது. "அந்த வாசல்ல என்ன நடந்துலே?"

பெர்லின் வெயிலைப் பார்த்தான். தனக்கும் ஒரு தும்மல் வந்துவிடக் கூடாதா என்று இருந்தது. வரவில்லை. "ரெண்டு தும்மல் பீவிம்மா" என்றான். "கதவைத் தொறந்ததும்."

பீவி அவனை ஒன்றும் கேலி செய்யவில்லை. அதுதான் அவனுக்குப் பயமாக இருந்தது. ரைஹானத்திடம் திரும்பினாள். "அந்தப் பையை மேற்கொண்டு கட்டாத. அவுக்கவும் செய்யாத. மக்ரிபுக்குள்ள சொல்லுதேன்."

கொக்கிரகுளம் பாலத்துக்குப் பக்கத்தில், ஆற்றைப் பார்த்த டீக்கடையில் ஃபெபி வந்து உட்கார்ந்தாள். தாமிரபரணியில் தண்ணீர் குறைவு. மணல் திட்டுகளில் கொக்குகள் யாருக்கோ காத்திருந்தன. ஜீன்தீபத்துக்குப் போன் போட்டுப் பெர்லின் கூப்பிட்டதும் வந்துவிட்டாள். வேறு ஏதோ நினைத்து வந்திருப்பாள் போலிருக்கிறது. தலையில் புதுசாகப் பூ இருந்தது. பக்கத்தில் பீவியைப் பார்த்ததும் அந்தப் பூவைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். மேற்கு வெயில் பாலத்தின் வளைவுக்கு மேலாக வந்து நேராக முகத்தில் விழுந்தது.

அதே இரண்டு தும்மல். அதே ஏசப்பா. பெர்லினுடைய கைக்குட்டை.

"சின்ன வயசுலயே இப்படியா பிள்ள?" என்று பீவி கேட்டாள்.

"ஆமா மேடம். எங்க அப்பாவுக்கும் உண்டு. சர்ச்சை விட்டு வெளிய வந்தா நாங்க ரெண்டு பேரும் தும்முறத சாயர்புரமே வேடிக்கை பார்க்கும்."

"நல்லது. இப்பம் நான் ஒண்ணு கேக்கேன், ஒன் மேனேஜர்ட்ட சொல்ல மாட்டேன். மேலப்பாளையத்துல, கோடு வரைக்கும் நெம்பாத ஒரு குழாய் மேசைல இருந்துல்லா. அதை யாரு நெப்பினா?"

ஃபெபி டீ கிளாஸைக் கீழே வைத்தாள். பொய் சொல்லப் பழகாத முகம். அதில் ரத்தம் ஏறி இறங்கியது.

"நெறையப் பேருக்கு வரவே இல்ல மேடம். சார்ட்ட நோன்பு முடியட்டும்னு சொன்னேன், கேக்கல்ல. அன்னைக்குக் கொடுக்க வேண்டிய எண்ணிக்கையில ஒண்ணு கொறைஞ்சிது. கொறைஞ்சா அந்த வாரம் முழுக்க ஏச்சு. அந்த அக்காவோட நுரையைக் கொட்டிட்டு, அதுல நானே... ஒரே ஒண்ணுதான். எங்களுக்குத் தவக்காலம், லெந்து நாளு வேற. அன்னைக்கு ராத்திரி ஜெபத்துலயே மன்னிப்புக் கேட்டுட்டேன்."

"மேலப்பாளையத்து மக்களுக்கே உரிய மாற்றம்" என்றாள் பீவி. "சாயர்புரத்துல இருந்து பஸ்ஸேறி வந்திருக்கு. அந்தக் கட்டுரைய அவன் எந்த மூஞ்சியோட எழுதுதான்னு நான் பாக்கணும்."

ஃபெபி சிரிக்கவில்லை. "அந்த அக்காவுக்கா கெட்ட முடிவு வந்தது?"

"அவ பேருக்கு வந்திருக்கு. நாளைக்குக் காலையில அவ சினைப்பையையும் கர்ப்பப்பையையும் எடுக்கப் போறாங்க. இன்னொரு பிள்ளை வேணும்னு இருந்தவ."

ஃபெபி எழுந்து நின்றாள். "போன் போட்டுக் கொடுங்க. அவங்க புருஷனுக்கும், ஆபரேஷன் பண்ற டாக்டருக்கும்."

முதலில் சல்மானிடம் பேசினாள். பிறகு டாக்டரிடம் பேசினாள். பெயரைச் சொன்னாள், வேலையைச் சொன்னாள், செய்ததைச் சொன்னாள். ஒன்றையும் மென்று விழுங்கவில்லை. டாக்டர் போனிலேயே கத்தினார். கத்தி முடித்துவிட்டு, ஆபரேஷன் கிடையாது, ரைஹானத் வந்து புதிதாக ரத்தம் கொடுக்கட்டும், அதற்குப் பிறகு பேசலாம் என்றார். கொஞ்ச நேரத்தில் பீவியின் போன் அடித்தது. ரைஹானத்துதான். ஆனால் பேச்சில்லை, அழுகை மட்டும். பின்னால் மாமியார் சத்தமாக யாரிடமோ சொன்னது கேட்டது: "அடுப்பை அணைங்களேன். போதும் மொளகா."

"நாளைக்கு எனக்கு வேலை இருக்காது" என்றாள் ஃபெபி, பெர்லினின் போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு.

"எங்க நிலையத்துல ஒரு இடம் காலியா இருக்கு" என்றான் பெர்லின். "மாப்பிள்ளைப் பையன்களை வேவு பாக்கணும். எனக்கு வயசாயிட்டு."

அவள் உதட்டோரம் கொஞ்சம் அசைந்தது. பெர்லினுக்கு ஒரு கணம் எல்லாமே நல்லபடியாக முடிந்துவிட்ட மாதிரி, பாலத்து மேல் போகிற பஸ்ஸெல்லாம் தனக்காகவே ஹாரன் அடிக்கிற மாதிரி இருந்தது.

பிறகு அந்த உதடு நின்றது.

"அது அந்த அக்கா எச்சில் இல்லேன்னா..." என்றாள் ஃபெபி. பூவிலிருந்து ஒரு இதழ் உதிர்ந்து மேசையில் விழுந்தது. அதை விரலால் நகர்த்தி நகர்த்திக் கிளாஸுக்கு ஓரமாக வைத்தாள். "எங்க அப்பாவோட அம்மா வயித்துல கட்டி வந்துதான் செத்தாங்க. என்ன கட்டின்னு எங்களுக்கு யாரும் சொல்லல்ல."

பெர்லின் பீவியைப் பார்த்தான். எதையாவது சொல்லுங்கள் என்று கண்ணால் கெஞ்சினான். ஊர்ப் பெண்களுக்கெல்லாம் மாப்பிள்ளையின் குடிப்பழக்கத்தைத் தயங்காமல் எடுத்துச் சொல்கிற வாய் அது.

"தெரிஞ்சிக்கணுமா, வேண்டாமான்னு நீதான் சொல்லணும் பிள்ள" என்றாள் பீவி, ரைஹானத் வீட்டிலிருந்து கொண்டுவந்த தாளைப் பையிலிருந்து எடுத்து. "வேண்டாம்னா இந்தக் கடுதாசிய இங்கனயே கிழிச்சு ஆத்துல விடுதேன். வேணும்னா இருக்கு. வருமின்னு இல்ல, வரலாம்னுதான் போட்டிருக்கு. அதுக்கும் நல்ல டாக்டர் உண்டு, நேரமும் உண்டு. ரைஹானத்துட்ட அவனுவ கேக்கல்ல. ஒன்கிட்ட நாங்களாவது கேக்கோம்."

ஃபெபி ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கொக்குகள் ஒன்றன்பின் ஒன்றாக எழும்பிப் போயின. வெயில் பாலத்துக்குக் கீழே இறங்கிவிட்டது. தும்மல் வர இனி வழியில்லை.

"எல்லாத்தையும் வாசிக்கணும்" என்றாள் கடைசியில். "ஆனா நீங்க வாசிக்க வேண்டாம் மேடம். நீங்க வாசிச்சா நான் அழுதிருவேன். இவரு வாசிக்கட்டும்." கைக்குட்டையை மடித்து மடியில் வைத்துக்கொண்டாள். "தமாஷ் இல்லாம."

பீவி அந்தத் தாளைப் பெர்லினிடம் நீட்டினாள். வண்ணப்படம் போட்ட கடைசிப் பக்கம் மேலாக இருந்தது. அவன் அதைத் திருப்பி, முதல் பக்கத்தை எடுத்தான். ஃபெபி அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பெர்லின் வாயைத் திறந்தான். நாக்கு மேலண்ணத்தோடு ஒட்டிக் கிடந்தது. அவன் வாயில் அந்த நேரத்தில் ஒரு சொட்டு எச்சில் இல்லை.